பேன்டம் ஆஃப் த பாரடைஸ் (திரை இசைத்தொகுப்பு)

'பேன்டம் ஆஃப் த பாரடைஸ்' 1974-இல் வெளிவந்த அதே பெயருடைய அமெரிக்க இசைத் திரைப்படத்தின் பாடல் தொகுப்பு. ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை இசைத்தட்டாக வெளியிட்டது. பத்துத் தடங்களுக்கும் பாடல் எழுதி மெட்டமைத்தவர் பால் வில்லியம்ஸ்; படத்தில் ஸ்வான் என்ற வில்லனாக நடித்தவரும் அவரே. டூ-வாப், சர்ஃப் பாப், பியானோ மெல்லிசை, கிளாம் ராக், ஹார்ட் ராக் என ஒன்றோடொன்று சேராத பாணிகள் இதில் அடுத்தடுத்து வருகின்றன.

பின்னணி

பிரையன் டி பால்மா எழுதி இயக்கிய இப்படத்தை எட்வர்ட் பிரஸ்மன் பெரிய ஸ்டுடியோக்களைச் சாராமல் தயாரித்தார். படம் முடிந்த பிறகே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அதை வாங்கி வெளியிட்டது. பீட்டில்ஸ் பாடல் ஒன்று லிஃப்டில் உயிரற்ற பின்னணி இசையாக ஒலித்ததைக் கேட்டபோதுதான் இந்தக் கதை தோன்றியதாக டி பால்மா கூறியிருக்கிறார். பால் வில்லியம்ஸோ அப்போது கார்ப்பென்டர்ஸ் இரட்டையருக்காக ரோஜர் நிக்கல்ஸுடன் சேர்ந்து மென்மையான காதல் பாடல்கள் எழுதிப் புகழ் பெற்றிருந்தவர். ராக் உலகைக் கிழித்துத் தொங்கவிடும் கதைக்கு அவரைப் பிடித்தது துணிச்சலான முடிவு.

படத்தில் வின்ஸ்லோ லீச் என்ற, யாரும் அறியாத இசையமைப்பாளர், சாத்தானிடம் ஆன்மாவை விற்கும் ஃபவுஸ்டின் கதையைப் பாடல்களாக எழுதுகிறார். 'டெத் ரெக்கார்ட்ஸ்' அதிபர் ஸ்வான் அதைத் திருடி, அவரைச் சிறைக்கும் அனுப்பிவிடுகிறார். தப்பி வந்த வின்ஸ்லோவின் முகம் இசைத்தட்டு அச்சு எந்திரத்தில் நசுங்கி, குரலும் போகிறது. முகமூடி மாட்டிக்கொண்டு ஸ்வானின் அரங்கில் அவர் பேயாக உலவத் தொடங்குகிறார். ஸ்வானின் நிறுவனத்துக்கு முதலில் 'ஸ்வான் சாங்' என்றுதான் பெயர். லெட் செப்பெலின் குழு 1974-இல் அதே பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கியதால், எடுத்து முடித்த காட்சிகளில் பெயர்ப் பலகைகளை மறைக்க வேண்டியதாயிற்று.

பாடல்கள்

இத்தொகுப்பின் பாணிக் கலவையை வெறும் வித்தை காட்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. களவாடப்பட்ட ஒரு மெட்டு சந்தைக்காக எத்தனை வேடம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும் வழி அது. தட்டின் இரண்டாவது பாடல் 'ஃபவுஸ்ட்'. வின்ஸ்லோவாக நடித்த வில்லியம் ஃபின்லியே சொந்தக் குரலில், தேர்ந்த பாடகரின் மெருகு இல்லாமல் பாடுகிறார். அடுத்த பாடல் 'அப்ஹோல்ஸ்டரி'. அதே இசை இங்கே காரையும் கடற்கரையையும் கொண்டாடும் பீச் பாய்ஸ் பாணித் துள்ளலாகிவிடுகிறது. படத்தில் இந்தப் பாடலின்போது திரை இரண்டாகப் பிரிகிறது; மேடைக் காருக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பாடுகிறவர்களுக்குத் தெரியாது.

'ஃபவுஸ்ட்' ஒன்பதாவது தடமாக மறுபடியும் வருகிறது. இம்முறை பாடுபவர் பால் வில்லியம்ஸ். படத்தில் ஸ்வான் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, பொத்தான்களைத் திருகித் திருகி வின்ஸ்லோவின் கரகரப்பை வடிகட்டுகிறார். கடைசியில் தெளிவாக ஒலிப்பது வில்லனாக நடிப்பவரின் சொந்தக் குரல்! பாட்டைப் பறித்தவனிடமே குரலையும் இரவல் வாங்க வேண்டிய நிலை. இத்தொகுப்பின் ஆகச் சிறந்த யோசனை இதுதான்.

பாட்டுக்காரர்கள் தேர்விலும் இதே கேலி தொடர்கிறது. ஆர்ச்சி ஹான், ஜெஃப்ரி கோமனர், ஹரால்ட் ஆப்லாங் மூவரும் முதலில் பழைய பாணி 'ஜூசி ஃப்ரூட்ஸ்' குழுவாகவும், பிறகு 'பீச் பம்ஸ்' ஆகவும், இறுதியில் முகத்தில் சாயம் பூசிய 'அன்டெட்' ஆகவும் வருகிறார்கள். தொடக்கப் பாடலான 'குட்பை, எடி, குட்பை', தன் இசைத்தட்டு விற்க வேண்டும் என்பதற்காகவே உயிரை விடும் பாடகனின் கதை. பீஃப் என்ற ராக் நட்சத்திரமாக ஜெரிட் கிரஹாம் நடித்தாலும், 'லைஃப் அட் லாஸ்ட்' பாடலில் ஒலிப்பது ரே கென்னடியின் குரல். பீஃப் மேடையில் மின்சாரம் தாக்கிச் செத்ததும் ஜெசிகா ஹார்ப்பர் வந்து 'ஓல்டு சோல்ஸ்' பாடுகிறார். தாழ்ந்த சுருதியில் நிதானமாக ஒலிக்கும் அவர் குரலில் மட்டும்தான் இத்தொகுப்பில் கிண்டல் இல்லை.

குறைகளும் உண்டு. படத்துக்குக் கூடுதல் இசையமைத்த ஜார்ஜ் அலிசன் டிப்டனின் பின்னணி இசைக்குத் தட்டில் இடமில்லை. மேலும், படம் பார்க்காதவருக்கு 'அப்ஹோல்ஸ்டரி' ஏதோ நகல் பாட்டாகத்தான் தோன்றும்.

வரவேற்பு

அமெரிக்காவில் படம் வசூலில் தோற்றது. ஆஸ்கரில் பாடல் இசைப் பிரிவில் வில்லியம்ஸும் டிப்டனும் பரிந்துரைக்கப்பட்டார்கள்; விருது 'தி கிரேட் கேட்ஸ்பி' படத்துக்காக நெல்சன் ரிடிலுக்குப் போனது. கனடாவின் வினிபெக் நகரில் மட்டும் கதை வேறு. அங்கே படம் மாதக்கணக்கில் ஓடியது. சிறுவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இசைத்தட்டும் அமோகமாக விற்றது. 1975-இல் பால் வில்லியம்ஸ் அங்கு நேரில் வந்து கச்சேரி செய்தார். அந்த மோகத்தைப் பற்றி 2019-இல் ஓர் ஆவணப்படமே வந்திருக்கிறது.

பிரான்சின் டாஃப்ட் பங்க் இசை இரட்டையரும் இப்படத்தின் தீவிர ரசிகர்கள். தங்கள் 'ராண்டம் ஆக்சஸ் மெமரிஸ்' (2013) தொகுப்பில் 'டச்' என்ற பாடலைப் பால் வில்லியம்ஸைப் பாட வைத்தார்கள். அத்தொகுப்பு 2014-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றபோது, முகமூடி அணிந்து மௌனமாக நின்ற அந்த இருவருக்காகவும் மேடையில் நன்றி சொன்னவர் அவர்தான்.