யாராலும் திறக்க முடியாத பூட்டு

என் சித்தப்பா மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய கிடங்குக்கு நான்கு சாவிகள் இருந்தன. போன வருடம் இருப்புக் கணக்கு எடுத்தபோது சரக்கு குறைந்திருந்தது. நான்கு பேரிடம் சாவி, நான்கு பேர் மேலும் சந்தேகம். யார் எப்போது திறந்தார்கள் என்று பூட்டு சொல்லாதே! பல வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர், "என்னையும் அந்த வரிசையில வச்சுட்டீங்களே" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். சித்தப்பாவுக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

அதனால் இப்போது கார்டு காட்டினால் திறக்கும் கதவு போட முடிவு செய்தார். விற்பனைப் பிரதிநிதி வந்து, "சார், இந்தக் கார்டை யாராலும் நகல் எடுக்க முடியாது. உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு கம்பெனிக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்து, "நீதான் பி.காம் படிக்கிறியே, எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லு" என்றார். பி.காமுக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். போய் நின்ற இடம் 1851-ஆம் ஆண்டு லண்டன்!

அந்தக் காலத்து லண்டனில் இரண்டு பூட்டுகளுக்குப் பெரிய பெயர். ஒன்று ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் காப்புரிமை பெற்றது. அவர் தன் பிக்காடிலி கடையின் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அதாவது 210 பவுன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பரிசை யாராலும் வாங்க முடியவில்லை. பிராமா 1814-இல் இறந்தும் போனார். பூட்டு மட்டும் சன்னலிலேயே இருந்தது.

இரண்டாவது, சப் நிறுவனத்தின் பூட்டு. 1817-இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். உடனே அரசாங்கம், உரிய சாவி தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று போட்டி அறிவித்தது. ஜெரமையா சப் 1818-இல் ஒன்றைச் செய்து பரிசை வாங்கினார். அதில் ஒரு தந்திரம் உண்டு. யாராவது கம்பி விட்டு நோண்டும்போது உள்ளே இருக்கும் தகடு ஒன்று அளவுக்கு மேல் தூக்கப்பட்டால், ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை உரிமையாளர் சாவி போடும்போது பூட்டு திறக்காது. 'யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்று அவருக்குத் தெரிந்துவிடும். இன்று கணினியில் பதிவாகிறதே 'யார் முயற்சி செய்தார்கள்' என்ற குறிப்பு, அதற்கு இதைத் தாத்தா என்று சொல்லலாம்.

1851-இல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்பவர் வந்தார். நியூயார்க் பூட்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. அவரும் விற்பனைக்காரர்தான், ஆனால் விற்கும் முறையே வேறு. அடுத்தவர் பூட்டைச் சாட்சிகள் முன்னால் திறந்து காட்டிவிடுவார்!

முதலில் சப் பூட்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பெட்டக அறைக் கதவில் இருந்ததைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். எப்படி? அந்த எச்சரிக்கைக் கொக்கியே அவருக்கு வழிகாட்டியது. எந்தத் தகட்டை எவ்வளவு தூக்கினால் அதிகம் என்று கொக்கி விழும்போது தெரிந்துவிடுகிறதே! திருடனைக் காட்டிக் கொடுக்க வைத்த கருவி, பூட்டையே காட்டிக் கொடுத்துவிட்டது.

அடுத்து பிராமா பூட்டு. உள்ளே 18 தகடுகள். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். நடந்த விதம் நியாயமில்லை என்று பிராமா நிறுவனத்தார் வாதாடினாலும், நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 200 கினி கைமாறியது.

லண்டனில் பெரிய கலவரமே வந்துவிட்டது. இப்படிப் பகிரங்கமாகத் திறந்து காட்டினால் திருடர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போலாகாதா என்று கேட்டார்கள். ஹாப்ஸின் பெயரில் 1853-இல் வந்த புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, தெரியாமல் இருப்பது பூட்டு வாங்கியவருக்கு மட்டும்தான் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், ஹாப்ஸ் விற்ற பூட்டையும் சில ஆண்டுகளில் அமெரிக்காவின் யேல் குடும்பத்தார் திறந்துவிட்டார்கள். ஆனால் ஒருவர் பூட்டை ஒருவர் திறந்து பார்த்த இந்தப் போட்டியில்தான் பூட்டுகள் முன்னேறின. லைனஸ் யேல் இளையவர் 1861-இல் காப்புரிமை பெற்ற ஊசிப் பூட்டின் அமைப்புதான் இன்றும் பல வீட்டுக் கதவுகளில் இருக்கிறது.

அடுத்து 1883. ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற டச்சுக்காரர் ராணுவச் சங்கேத மொழி பற்றி ஒரு விதி எழுதினார். ஒரு முறையின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் பாதகம் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்பதே அது.

இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் பிறந்த நாட்டிலேயே உதாரணம் கிடைத்தது. 1994-இல் 'மைஃபேர் கிளாசிக்' என்ற கார்டு சிப் வெளிவந்தது. பின்னர் அது பிலிப்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பிறகு பிலிப்ஸின் அந்தச் சிப் பிரிவு என்எக்ஸ்பி என்ற தனி நிறுவனமானது. பேருந்து, ரயில், அலுவலகக் கதவு என்று உலகம் முழுக்க நூறு கோடிக்கும் மேல் விற்றது. உள்ளே இருந்த சங்கேத முறை ரகசியம். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள், சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்து அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த விதத்தை விளக்கினார்கள். 2008 மார்ச்சில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் கார்டை நகலே எடுத்துக் காட்டினார்கள். டச்சு அரசாங்கக் கட்டடங்களின் கதவுகளும் இதே வகைக் கார்டில்தான் திறந்தன!

ஆய்வுக் கட்டுரையைத் தடுக்க என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. 2008 ஜூலையில் ஆர்ன்ஹெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நஷ்டத்துக்குக் காரணம் கட்டுரை அல்ல, குறையுள்ள சிப்பைத் தயாரித்து விற்றதுதான் என்றது தீர்ப்பு. 1851-இல் லண்டனில் நடந்த அதே வாதம்தான், 157 வருடம் கழித்து!

இப்போது சித்தப்பா கிடங்குக்கு வருவோம். கார்டை நகல் எடுக்க முடிந்தால் திருட்டு மட்டும்தானா பிரச்சினை? கதவு 'இன்னார் இரவு பத்து மணிக்குத் திறந்தார்' என்று பதிவு செய்யும். உண்மையில் வந்தவன் வேறு யாரோ. சாவி இருந்தபோது நான்கு பேர் மேல் சந்தேகம் இருந்தது. நகல் கார்டு வந்தால் ஒரு நிரபராதி மேல் 'ஆதாரமே' இருக்கும். அந்தப் பெரியவர் இடத்தில் அவரை வைத்துப் பாருங்கள்.

எனவே சித்தப்பாவிடம் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். கார்டு வெறும் எண்ணைச் சொல்கிறதா, இல்லை ரகசியச் சாவியை வைத்துத் தன்னை நிரூபிக்கிறதா? அந்தச் சங்கேத முறை வெளியிடப்பட்டு, பலர் உடைத்துப் பார்த்தும் நிற்பதா? நாளை குறை தெரிந்தால் மாற்றித் தருவீர்களா?

பிரதிநிதி கொண்டு வந்த கார்டு வெறும் எண்ணை மட்டும் சொல்லும் பழைய வகை. சித்தப்பா அதை வாங்கவில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் வேறு வகை பார்க்கச் சொல்லியிருக்கிறார். கூடவே, ஒவ்வொரு மாதமும் கதவுப் பதிவையும் இருப்புக் கணக்கையும் இரண்டு வேறு ஆட்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அது மட்டும் எங்கள் தணிக்கைப் பாடத்தில் இருந்தது. ஆக, பி.காமுக்கும் பூட்டுக்கும் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது!

'யாராலும் திறக்க முடியாது' என்று யாராவது சொன்னால் இனிமேல் ஒன்றே ஒன்று கேளுங்கள் நண்பர்களே. "இதுவரை யாரைத் திறந்து பார்க்க விட்டீர்கள்?"