உடலுறவுப் பதற்றம் (இளைஞர்களில்)

‘நம்மால் முடியுமா’ என்ற அச்சமே காரணமாக, உடலுறவின்போது விறைப்பு நிலைக்காமல் போவதையும் விந்து முந்துவதையும் உடலுறவுப் பதற்றம் என்பர். உடலில் கோளாறு ஏதுமில்லாத இளைஞர்களுக்கும், குறிப்பாகப் புதிதாக மணமானவர்களுக்கும் இது வரும். களைப்பிலோ குடித்த இரவிலோ ஒன்றிரண்டு முறை தவறுவது நோயன்று. ஏறத்தாழ ஆறு மாதமாவது நீடித்து, நான்கில் மூன்று முறைக்குக் குறையாமல் நேர்ந்து, மனவேதனையும் தந்தால்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு அதைக் கோளாறாகக் கொள்கிறது. உதவி கேட்க அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

விறைப்பு விருப்பப்படி வரவழைக்கக் கூடியதன்று. தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் தூண்டப்படும்போது நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, குறியின் மென்தசைகள் தளர்கின்றன, இரத்தம் நிறைகிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதற்கு நேர்மாறாக அத்தசைகளை இறுக்குகிறது. தூங்கியே தீர வேண்டும் என்று முயல்பவனுக்குத் தூக்கம் வராததைப் போல, முயற்சி கூடக் கூட விறைப்பு விலகிப் போகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் ஆய்வு செய்த வில்லியம் மாஸ்டர்சும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார்கள்: இத்தகையவர் கூடலில் கலக்காமல், தன்னைத் தானே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு முறை தவறியதும் அடுத்த முறையைப் பற்றிய அச்சம் முளைக்கிறது. அந்த அச்சத்தாலேயே மறுபடியும் தவறுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு உள்ளூர்க் காரணங்களும் சேர்கின்றன. முன்பின் அதிகம் பேசியிராத இருவரை, பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த சாந்தி முகூர்த்த நேரத்தில், உறவினர் நிறைந்த வீட்டின் ஓர் அறைக்குள் அனுப்புகிறோம். சில மாதங்களில் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்ற விசாரிப்பு தொடங்குகிறது. பதற்றத்தை வளர்க்க இதைவிடத் தோதான ஏற்பாடு இருக்க முடியாது. பல நேரங்களில் மணமகளும் அச்சத்தால் உடலை இறுக்கிக்கொள்வதுண்டு; பழி மட்டும் ஆண்மேல் விழுகிறது, அல்லது அவனே சுமந்துகொள்கிறான்.

பழைய நம்பிக்கை ஒன்றும் இதனோடு ஒட்டியிருக்கிறது. பல சொட்டு இரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்தாகிறது, கைப்பழக்கத்தால் அது வீணாகி ‘நரம்புத் தளர்ச்சி’ வருகிறது என்பது அது. இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் இந்த அச்சத்தால் சோர்வு, உடல்வலி, கவலையுடன் வருவோர் உண்மையிலேயே அவதிப்படுகிறார்கள். இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதற்குத் ‘தாத் நோய்க்குறித் தொகுதி’ என்று பெயரிட்டார்.

இந்த நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட வியாபாரம் பெரிது. பேருந்து நிலையச் சுவரொட்டிகள், நள்ளிரவுத் தொலைக்காட்சி, மாதந்தோறும் குறித்த தேதியில் லாட்ஜில் அறை எடுக்கும் ‘பரம்பரை’ வைத்தியர் என்று அது பரவியிருக்கிறது. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. தடை ஏட்டில் இருக்கிறது, சுவரொட்டி சுவரில் இருக்கிறது. ‘மூலிகை’ என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகள் சிலவற்றில் விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாகிய சில்டெனாபில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

முறையான உதவி பெரும்பாலும் எளிமையானது. முதலில் மருத்துவர் கேட்கும் கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும்: விடியற்காலையில் விறைப்பு வருகிறதா, தனித்திருக்கையில் வருகிறதா? வருமானால் நரம்பும் இரத்தக் குழாயும் நன்றாகவே இருக்கின்றன எனலாம். ஆயினும் சர்க்கரை, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் தைராய்டு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். புகைப்பழக்கம், குடி, மனச்சோர்வு மாத்திரைகள் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாத்திரைகளில் சில பாலுணர்வைக் குறைக்கக் கூடியவை. அதற்காக அவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது.

சிகிச்சையில் முதன்மையானது மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த தொடுகைப் பயிற்சி. சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது என்று மருத்துவர் தம்பதிக்குத் தடை விதித்து, ஒருவரையொருவர் தொட்டுப் பழகுவதை மட்டும் படிப்படியாக அனுமதிப்பார். தேர்வு என்பதே இல்லாமற்போனதும் அச்சம் தணிகிறது. தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்க்கும் எண்ணங்களைச் சீராக்க அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் தரப்படுகிறது. விந்து முந்துவோருக்கு, ஜேம்ஸ் செமன்ஸ் 1956இல் விவரித்த நிறுத்தித் தொடங்கும் முறை இன்றும் பயன்படுகிறது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனாபிலை, நம்பிக்கை திரும்பும்வரை கொஞ்ச காலம் சிலருக்கு எழுதித் தருவதுண்டு. இந்தியாவில் அது மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

விஜய் தொலைக்காட்சியில் உளமருத்துவர் மாத்ருபூதம் நடத்திய ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சி இவற்றையெல்லாம் வீட்டுக் கூடத்தில் பேசச் செய்தது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிகள் பிரிவிலேயே இதைச் சொல்லலாம். நேரில் போகக் கூசுபவர், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் அழைக்கலாம். மனநலச் சிகிச்சை பெறுவோர் பற்றிய தகவல் இரகசியமாகக் காக்கப்படுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை; சில விதிவிலக்குகள் நீங்கலாக, நோயாளியின் இசைவின்றி அதை வெளியில் சொல்லக் கூடாது.