கேரியர் வரிச்சலுகை ஒப்பந்தம் (2016)

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுக் கருவிகளைத் தயாரித்துவந்த கேரியர் தொழிற்சாலை மெக்சிகோவின் மான்டெர்ரே நகருக்கு மாறாதிருக்கச் செய்துகொண்ட உடன்பாடு. இடமாற்றம் 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,400 வேலைகள் பறிபோகவிருந்தன. நவம்பர் இறுதியில், அதிபராகத் தேர்வாகியிருந்த டொனால்ட் டிரம்ப்பும் மாநில ஆளுநர் மைக் பென்சும் தலையிட்டனர். பத்தாண்டுகளில் 70 லட்சம் டாலர் சலுகை தர மாநிலம் முன்வந்தது. சலுகையின் பெரும்பகுதி, வேலைகளைத் தக்கவைத்தால் மட்டுமே கிடைக்கும் வரிக்கழிவு. 1.6 கோடி டாலர் முதலிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. சுமார் 800 உற்பத்தி வேலைகள் தப்பின. அது சிறிய பேறன்று. ஆயினும் முழு வெற்றியென்று கொண்டாடப்பட்டது மிகை. அதே ஆலையில் 2017-18இல் 500க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர்.