கோஷா ஆஸ்பத்திரியும் கீமோ மருந்தும்

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையை மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பழைய பெயரில் இன்னொரு சொல்லும் இருந்தது: விக்டோரியா ‘காஸ்ட் அண்ட் கோஷா’ மருத்துவமனை. 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாவில் இருந்த முஸ்லிம் பெண்களுக்கும் என்று தொடங்கியது. யாருக்கு என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிட்டது. யாருக்கு இல்லை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் பேச்சுவழக்கில் ‘காஸ்ட்’ உதிர்ந்துபோனது, கோஷா மட்டும் நின்றது.

1931இல் அங்கே வேலை செய்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரிடமிருந்து தொடங்கினால்தான், இன்று நம் ஆட்கள் காரைக்காலில் பஸ் ஏறி 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்குப் போய்ப் போட்டுக்கொள்ளும் கீமோவின் கதை எனக்கு விளங்குகிறது.

வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் வழக்கமான சோகை அல்ல. சிவப்பணுக்கள் முதிராமல், அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தட்டைப் பார்த்தார். காய், பழம், கறி ஏறாத ஏழைகளின் தட்டு. அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சோதனையில் ஒரு பகுதி நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்தது. கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு நோயைத் தீர்த்தது. அதில் இருந்த பொருளுக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1941இல் பசலைக்கீரை வகையிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அடுத்து வருபவர் எல்லாப்ரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923இல் பாஸ்டனுக்குப் போய் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக மூத்திரச் சட்டி கழுவிப் பிழைத்தார். (அந்த வேலையை யார் செய்வது என்பதை நம் ஊரில் சாதி முடிவு செய்கிறது. கடல் தாண்டியதும் அது வெறும் வேலை ஆகிவிட்டது.) லெடர்லே கம்பெனியில் அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. அப்படியானால் எதிர்மருந்து கொடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்ட, ஆனால் அதன் வேலையைச் செய்யாத அமினோப்டெரின் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்தது. 1948இல் ஃபார்பர் அறிவித்தார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதன் உடன்பிறப்புதான் இன்றும் நாம் சீட்டில் பார்க்கும் மெத்தோட்ரெக்சேட்.

சுப்பாராவுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்கள், உண்மைதான். அவருக்கு 1995இல் தபால்தலையாவது வந்தது. பம்பாய்ப் பெண்களுக்கு எதுவும் இல்லை.

செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ.வைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அந்த வழியை அடைக்கிறது, செல் பட்டினியில் சாகிறது. அதாவது, வறுமை அந்தப் பெண்களின் ரத்தத்துக்குச் செய்ததையே மருந்து திட்டமிட்டுச் செய்கிறது. எல்லாக் கீமோவும் இதே வழியில் போவதில்லை. நம் சுடுகாடுகளில் பூத்துக்கிடக்கும் நித்யகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், செல் பிரியும் கட்டத்தில் அதன் இழைகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு: வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் தாக்கும். முடிவேர், வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அப்படிப் பிரிபவை. பக்கவிளைவு என்பது இதுதான். மருந்து தவறாக வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல.

இதை நெடுங்காடு பக்கத்து அக்கா ஒருவருக்கு யாரும் சொல்லவில்லை. நடவு வேலை செய்பவர், மார்பகப் புற்றுநோய். முடி கொட்டியதை அவர் சமாளித்துவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டேன் என்றார். வாய்ப்புண்தான் அவரைத் தோற்கடித்தது. சோறு இறங்கவில்லை. “மருந்து ஒத்துக்கல தம்பி, நடவு முடியட்டும்” என்று மூன்றாவது ஊசிக்குப் போகாமல் நின்றுவிட்டார். சத்தாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதை வாங்கி? நம் யூனியன் பிரதேசத்தில் ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தன, அரிசிக்குப் பதில் பணம் வங்கிக்குப் போனது என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஒரே அளவு மருந்து, தட்டு நிறைந்தவர் உடம்பிலும் ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பிலும் ஒன்றாக இறங்காது. சீட்டில் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை.

இடைநிறுத்தியதைவிட எனக்குப் பயம் தந்தது காய்ச்சல். ஊசிக்குப் பின் ஒன்று, இரண்டு வாரங்களில் வெள்ளையணுக்கள் மிகவும் கீழே இறங்கும். அப்போது வரும் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுப் படுத்தால் உயிரே போகலாம்; அந்த மணி நேரத்திலேயே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ போட்டிருக்கிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. ஈரலுக்கு ஆகாது என்பதால் சாராயமும் கூடாது. (காரைக்காலில் இதைச் சொல்லிவிட்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.)

டாக்டரைப் பார்த்து, புண்ணுக்கு மருந்து வாங்கி, விட்ட ஊசியைப் போடக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். பையில் தெர்மாமீட்டர் இருந்தது. சீர்காழி தாண்டியதும் மறுபடியும் கேட்டார், எத்தனை காட்டினால் கிளம்ப வேண்டும் என்று. 100.4 என்றேன். சீட்டின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.