எண்ணுக்கு எழுத்து

குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சேர்ந்த வடலூரில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அதற்கென ஊர்மக்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்த நிலம் 80 காணி என்பர். இன்றைய அளவில் ஏறத்தாழ 106 ஏக்கர். இலக்கத்தில் 80 என்பதற்கு இரண்டே குறிகள். பக்கத்தில் ஒரு சுழி விழுந்தால் அது 800 ஆகிவிடும். ‘எண்பது’ என்று எழுதிய சொல்லை ‘எண்ணூறு’ என மாற்றுவதோ எளிதன்று. பத்திரங்களில் தொகையையும் அளவையும் இலக்கத்தாலும் எழுத்தாலும் ஒருங்கே குறிக்கும் வழக்கத்தின் காரணம் இதுவே.

சட்டமும் சொல்லின் பக்கமே நிற்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவில், இலக்கத்தில் கண்ட தொகையும் எழுத்தில் கண்ட தொகையும் வேறுபடுமாயின் எழுத்தில் கண்டதே செல்லும் என வகுத்துள்ளது. காசோலை ஒன்றில் இலக்கத்தில் 900 என்றும் எழுத்தில் ‘தொண்ணூறு’ என்றும் இருந்தால் 90 ரூபாயே தொகை. ஆகவே எண்ணைச் சொல்லாக்குவது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. பொருளைக் காக்கும் வேலை.

அவ்வேலையை இன்று கணினி செய்கிறது. எண்ணைக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்லாகத் தரும் நிரல்கள் பல மொழிகளுக்கு எழுதப்பட்டுள்ளன. கூட்டலும் கழித்தலும் அறிந்த பொறிக்கு இது எளிது எனத் தோன்றலாம். ஆயின் இது கணக்கு அன்று, இலக்கணம்.

ஐரோப்பாவில் பிரனீசு மலையின் இருபுறமும், ஸ்பெயினிலும் பிரான்சிலும் வாழும் பாஸ்கு மக்களின் மொழி இதற்கு நல்ல சான்று. உறவு மொழி எதுவும் அறியப்படாத அம்மொழி, இருபதை அடியாகக் கொண்டு எண்ணுகிறது. நாற்பதின் பெயர் ‘இரட்டை இருபது’ எனவும், எண்பதின் பெயர் ‘நாலிருபது’ எனவும் பொருள்படும். 99 என்பதை அவர்கள் ‘நாலிருபதும் பத்தொன்பதும்’ என்பர். பத்தடியில் அமைந்த இலக்கத்தை இடம் இடமாகப் படித்துச் சொல்லிவிட முடியாது. நிரல் முதலில் அதை இருபதுகளாகப் பிரித்தறிய வேண்டும்.

தமிழ் பத்தடியில் எண்ணும் மொழி. எனினும் இங்கும் இடறுவதற்கு இடமுண்டு, அவ்விடம் ஒன்பது. எட்டு, எண்பது, எண்ணூறு என எட்டு ஒழுங்காக வளர்கிறது. ஒன்பதோ தொண்ணூறு, தொள்ளாயிரம் என வளர்கிறது. பத்தின் இடத்தில் நூறும், நூற்றின் இடத்தில் ஆயிரமும் பெயரில் வந்து நிற்கின்றன. ஒன்பதாயிரத்திலோ மீண்டும் ஒழுங்கு திரும்புகிறது. ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்னும் பழம்பெயர் இருந்தமையைப் பரிபாடல் காட்டும். அதன் சுவடு இச்சொற்களில் இன்றும் ஒலிக்கிறது.

இதைத் தொல்காப்பியர் கண்டிருந்தார். எழுத்ததிகாரத்தின் இறுதி இயலாகிய குற்றியலுகரப் புணரியலில், ஒன்று முதலிய எண்ணுப்பெயர்கள் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றோடும் அளவு, நிறைப் பெயர்களோடும் புணரும் முறையை நிரல்பட வகுத்தார். ஒன்பது திரியும் விதியும் அங்கே உண்டு. பின்னர் நன்னூலாரும் அதனைக் கூறினார். இன்ன சொல் முன் இன்ன சொல் வரின் இன்னவாறு திரியும் என்னும் அந்நூற்பாக்களின் அமைப்பே, இன்றைய நிரலாளர் எழுதும் கட்டளைகளின் அமைப்புமாகும்.

அவ்விதிகளை அறியாத நிரல் 999 என்பதை ‘ஒன்பது நூறு ஒன்பது பத்து ஒன்பது’ என்று தரும். அறிந்த நிரல் ‘தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது’ என்று தரும். இதற்கு ஒவ்வொரு பெயருக்கும் தனித்து நிற்கும் வடிவம் ஒன்றும் தொடரும் வடிவம் ஒன்றும் வேண்டும்: நூறு, நூற்று, ஆயிரம், ஆயிரத்து, கோடி, கோடியே. வல்லினம் மிகுதலையும் கருத வேண்டும். ஆயிரத்து இருநூறு எனலாம்; ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்னுமிடத்தில் ஒற்று வேண்டும். முந்நூறு என்பதை முன்னூறு என எழுதுதலும் பிழையே.

‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பில், எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கும் நிரல்கள் இரண்டு உள்ளன. ஒன்று இலட்சம், கோடி என்று எண்ணும். மற்றொன்று மில்லியன், பில்லியன் என்று எண்ணும். நம் வழக்குக்கும் அயல்நாட்டுத் தமிழர் வழக்குக்கும் அவை இடம் தருகின்றன. எழுத்தை ஒலியாக்கும் ‘ஈஸ்பீக்’ மென்பொருள் தமிழுக்கும் உண்டு, பாஸ்குக்கும் உண்டு. திரையைக் காண இயலாத ஒருவர்க்கு, 900 என்னும் குறி சொல்லாக மாறினால்தான் தொகையே தெரியும்.

பின்னங்களுக்கும் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. மாகாணி 1/16; மா 1/20; முந்திரி 1/320. நிலத்தை அளந்த காணி என்னும் சொல்லே 1/80 என்னும் பின்னத்தின் பெயருமாகும். பின்னம், அளவை, கணக்கு வழக்கு ஆகியவற்றுக்கான பழங்குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019ஆம் ஆண்டு ஒருங்குறியில் இடம்பெற்றன. குறிகள் காக்கப்பட்டுவிட்டன, பெயர்களும் அவ்வாறே காக்கப்பட வேண்டும்.

கணினி அச்சிடும் பற்றுச்சீட்டுகள் பலவற்றில் தொகை ஆங்கிலச் சொற்களிலேயே வருகிறது. ஆங்கிலம் அறியாத குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஒருவர் அச்சீட்டைக் கையில் வாங்கினால், சட்டம் எந்தப் பகுதியை மெய்யென்று கொள்கிறதோ அந்தப் பகுதியே அவரால் படிக்க இயலாததாகிறது. அதனைத் தமிழில், பிழையின்றித் தருவதற்கான விதி நெடுங்காலமாக நம்மிடம் உள்ளது. அதைப் பொறிக்குக் கற்பிப்பதே எஞ்சிய பணி.