1090 கழித்தல் 131, மீதி 959

வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு, டேலி ஆகும் கணக்கைக் கண்டால் ஒரு தனி சந்தோஷம். தலைப்பில் இருப்பது அப்படி ஒரு கணக்கு. ஆனால் ரூபாய்க் கணக்கு இல்லை. ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவின் உடம்புக் கணக்கு.

அந்தப் புழு முட்டையாக இருந்து முழுசாக வளர்ந்து முடிப்பதற்குள் 1090 செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செத்துப்போகின்றன. மீதி 959. (இனப்பெருக்க செல்கள் இந்தக் கணக்கில் சேராது.) நல்ல நிலையில் இருக்கும் எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்குதான். எந்த செல் சாகும், எப்போது சாகும் என்பதுகூட புழுவுக்குப் புழு மாறுவதில்லை.

இந்தக் கணக்கை எழுதி முடித்தவர்களின் கதைதான் இன்றைய பதிவு. பி.காம். படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் பதில் வருகிறது :-)

வளர்ச்சி என்றால் நமக்கெல்லாம் கூட்டல்தான் ஞாபகம் வரும். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நாலாகும், அப்படியே பெருகிக் குழந்தையாகும். பள்ளிக்கூடத்தில் படித்தது அவ்வளவுதான். ஆனால் கழித்தல் இல்லாமல் எந்த உடம்பும் உருவாவதில்லை. மழைக்காலத்தில் குட்டையில் தலைப்பிரட்டை பார்த்திருப்பீர்கள். தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? அறுந்து விழுவதில்லை. அந்த வாலில் இருந்த செல்கள் செத்து, கரைந்து, உடம்போடு போய்விடுகின்றன. கருவில் நம் கைகூட முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரலுக்கு நடுவில் இருக்கும் செல்கள் செத்த பிறகுதான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிகின்றன.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் கார்ல் வோக்ட். 1842-ல் ஒருவகைத் தேரையின் குஞ்சுகளை ஆராய்ந்தபோது, வளரும் உடம்பில் செல்கள் அழிவதைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகப் பலர் இதைப் பார்த்தார்கள், எழுதினார்கள், அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். சாவு என்றால் விபத்து, அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது.

1960-களில் அந்த எண்ணம் அசைந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் லாக்ஷின் என்பவர் பட்டுப்பூச்சி இனத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கூட்டைவிட்டு வெளியே வர அந்தப் பூச்சிக்கு உதவும் சில தசைகள், அது வெளியே வந்த ஓரிரு நாளில் அழிந்துவிடுகின்றன. வேலை முடிந்தது, கணக்கு முடிந்தது. இதைத் திட்டமிட்ட செல் சாவு என்று 1964-ல் அவரும் அவருடைய பேராசிரியர் கேரல் வில்லியம்ஸும் எழுதினார்கள்.

1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி என்ற மூவர், செல்கள் இரண்டு விதமாகச் சாகின்றன என்று சொன்னார்கள். அடிபட்ட செல் வீங்கி வெடிக்கும், சுற்றியிருக்கும் இடமெல்லாம் புண்ணாகும். இன்னொரு வகை செல் சத்தமில்லாமல் சுருங்கும், துண்டு துண்டாகும், பக்கத்து செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். இந்த இரண்டாவது வகைக்கு அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரிடம் பெயர் கேட்டார்கள். அவர் கொடுத்த சொல்தான் 'அப்போப்டோசிஸ்'. பழுத்த இலை காம்பிலிருந்து கழன்று விழுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இலையை விழச் சொல்வது யார் என்று தெரியவில்லை.

இனி புழுவுக்கு வருவோம்.

சிட்னி பிரென்னர் தென் ஆப்பிரிக்காவில் செருப்புத் தைக்கும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மரபணு எழுத்துகளைப் படிக்கும் அடிப்படைக் கேள்விகள் எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அடுத்தது ஒரு முழு உடம்பு எப்படி உருவாகிறது என்பதுதான் என்று 1963-லேயே நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற மண்புழு. (தோட்டத்தில் பார்க்கும் மண்புழு இல்லை. இது மண்ணில் வாழும் நூல் போன்ற வேறு சாதி.) அதன் உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு இருக்கும்போதே உள்ளே ஒவ்வொரு செல்லையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். முட்டையிலிருந்து முட்டை போடும் பருவம் வரை சுமார் மூன்றே நாள். தீனிக்குக் கொஞ்சம் பாக்டீரியா போதும். பணியாளர் குறைந்த கிளையை நடத்துகிறவர் மாதிரி சிக்கனமான தேர்வு!

1969-ல் ஜான் சல்ஸ்டன் அங்கே வந்து சேர்ந்தார். பாதிரியாரின் மகன், படித்தது வேதியியல். அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிரமிப்பு. புழு வளர்வதை உட்கார்ந்து பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிறந்தது, எதுவாக மாறியது என்று பென்சிலால் வரைந்துகொண்டே பார்த்தார்.

குஞ்சு பொரித்த பிறகு நடப்பதை அவரும் ராபர்ட் ஹார்விட்ஸும் சேர்ந்து 1977-ல் வெளியிட்டார்கள். கஷ்டமான பகுதி முட்டைக்குள் நடப்பது. சிறு இடத்தில் நூற்றுக்கணக்கான செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகரும். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் எது எது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் வேறு முட்டையை வைத்து மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டியதுதான். சல்ஸ்டன் தினமும் இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், ஒன்றரை வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்தார். எல்லாப் புழுவும் ஒரே மாதிரி வளர்வதால், ஒரு முட்டையில் நாலு செல், அடுத்த முட்டையில் நாலு செல் என்று பின்தொடர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வம்சாவளியாகக் கோத்துவிடலாம்.

1983-ல் அந்த வம்சாவளி வெளியானது. முட்டைக்குள் பிறப்பவை 671, சாகிறவை 113, பொரிக்கும்போது இருப்பவை 558. பொரித்த பிறகு சாகிறவை இன்னும் 18. 113-ம் 18-ம் 131. டேலி!

சாகும் செல்லை அவர்கள் கண்ணால் கண்டார்கள். மைக்ரோஸ்கோப்பில் அது சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக, வட்டமாக, பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து செல் அதை விழுங்கிவிடும், பொத்தான் மறைந்துவிடும். அப்படிச் சாகிறவற்றில் பெரும்பாலானவை நரம்பு செல்களாக ஆகியிருக்க வேண்டியவை.

ஹார்விட்ஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சிகாகோக்காரர். அப்பா அக்கவுண்டன்ட், அம்மா பள்ளி ஆசிரியை. எம்.ஐ.டி.யில் அவர் படித்தது கணிதமும் பொருளாதாரமும். உயிரியலில் முதல் பாடம் எடுத்ததே கடைசி வருடத்தில்தான். (பி.காம். கேள்விக்கு இதுதான் என் பதில்.) கேம்பிரிட்ஜிலிருந்து 1978-ல் எம்.ஐ.டி.க்குத் திரும்பி, இலையை விழச் சொல்வது யார் என்ற கேள்வியைக் கையில் எடுத்தார்.

1986-ல் அவரும் அவருடைய மாணவி ஹிலரி எல்லிஸும் இரண்டு மரபணுக்களை அறிவித்தார்கள். செட்-3, செட்-4. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவி இருக்கும், ஒருவர் வராவிட்டாலும் கதவு திறக்காது. இதுவும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று பழுதானாலும் அந்த 131 செல்களும் சாகாமல் தங்கிவிடுகின்றன. அதாவது செல் வெளியிலிருந்து வரும் அடியால் மட்டும் சாவதில்லை, தன்னை முடித்துக்கொள்ளும் கருவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1992-ல் மூன்றாவதாக செட்-9 வந்தது. அது காவல்காரன். சாகக்கூடாத செல்லில் அந்தக் கருவி ஓடாமல் பிடித்து நிறுத்துகிறது.

இதெல்லாம் புழுவில் சரி, மனிதனுக்கு என்ன? பதில் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நிணநீர் சுரப்பியில் வரும் ஒருவகைப் புற்றுநோயில் பி.சி.எல்-2 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதை 1980-களில் கண்டுபிடித்திருந்தார்கள். புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் சக ஆய்வாளர்களும், இது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். 1992-ல் மனித பி.சி.எல்-2-ஐப் புழுவுக்குள் வைத்தார்கள். புழுவிலும் சாக வேண்டிய செல்களில் சில சாகவில்லை! 1994-ல் ஹார்விட்ஸின் ஆய்வகம் செட்-9-ம் பி.சி.எல்-2-ம் ஒரே குடும்பம் என்று காட்டியது. முந்தைய வருடமே செட்-3-க்கும் மனித உடம்பில் உறவுக்காரர் இருப்பது தெரிந்துவிட்டது. புழுவும் நாமும் பிரிந்து பல கோடி வருடமாகியும், செல் சாவுக்கான ஏற்பாடு மட்டும் மாறாமல் அப்படியே வந்திருக்கிறது.

நிற்க. இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. மாயவரத்தில் என் பெரியப்பாவுக்கு 1996-ல் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாள்பட்ட வகை. கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தவர், ஸ்டாக் கணக்கை மனசிலேயே வைத்திருப்பார். டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாராம்: "உங்க இரத்தத்துல புதுசு வேகமா வர்றதில்லைங்க. பழசு போகாம சேர்ந்துகிட்டே இருக்கு." பெரியப்பா வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம், "சரக்கு தேங்கிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். மாத்திரைகளோடு ஐந்து வருடம் இருந்தார். 2001-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்த டாக்டர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. அந்த வகை நோயில் பி.சி.எல்-2 நிறைய இருப்பதால், போக வேண்டிய வெள்ளை அணுக்கள் போகாமல் நிற்கின்றன. அந்தக் காவல்காரனைப் பிடித்து ஓரமாக உட்கார வைக்கும் மாத்திரை வெனட்டோகிளாக்ஸ். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2016 ஏப்ரலில். பெரியப்பா போய்ப் பதினைந்து வருடம் கழித்து.

2002-ல் பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருடத்தின் நான்காவது பரிசாளர் சந்தேகமில்லாமல் புழுதான் என்று பிரென்னர் தன் உரையில் சொன்னார். சல்ஸ்டன் 2018-லும் பிரென்னர் 2019-லும் காலமானார்கள்.

கழித்தல் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரியப்பாவிடம் பார்த்தேன். கழித்தல் கூடினால் என்ன ஆகும் என்பதை ஹார்விட்ஸ் தன் வீட்டிலேயே பார்த்தார். அவருடைய அப்பா, அந்த அக்கவுண்டன்ட், 1989-ல் ஏ.எல்.எஸ். என்ற நோயால் இறந்தார். தசையை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் நோய் அது. அதன் பரம்பரை வகையில் ஒன்றுக்குக் காரணமான எஸ்.ஓ.டி-1 என்ற மரபணுவை 1993-ல் கண்டுபிடித்த குழுவில் ஹார்விட்ஸும் இருந்தார். அந்த மரபணுவால் வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்கு டோஃபர்சன் என்ற மருந்து 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மொத்த நோயாளிகளில் சுமார் இரண்டு சதவீதம் பேருக்குத்தான் அது பொருந்தும். முழுத் தீர்வும் இல்லை. மற்றவர்களுக்கு இன்னும் காத்திருப்புதான்.

நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படி ஒதுங்கிப் புதுசுக்கு இடம் விடுகின்றன. நமக்குத் தெரிவதுகூட இல்லை. தெரிய வரும்போது அது நோயாக இருக்கிறது.

கடன் கேட்டு வருகிறவரிடம் "எத்தனை வருடத்தில் திருப்புவீர்கள், என்ன வருமானம்" என்று கேட்பது என் தொழில். 1969-ல் சல்ஸ்டன் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு புழுவின் செல்களை எண்ணப் போகிறேன், எதற்கு உதவும் என்று தெரியாது" என்று சொல்லியிருந்தால், எந்த ஃபார்மிலும் அந்த விண்ணப்பம் அடங்கியிருக்காது. அவர் உட்கார்ந்து எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து வந்ததைத்தான் இன்று யாரோ ஒருவருடைய பெரியப்பா, சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறார்.