செல்லரித்தது போக

சிதம்பரம் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு வி.எச்.எஸ். கேஸட்டை, கடலூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றினேன். என் காதுகுத்து, 1993. நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூசணம். மூன்று மணி நேர நாடா மூன்று மணி நேரம் ஓடியே ஆகவேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. அரைநாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆயா, அப்பாவைப் பெற்றவள், திரையில் வந்தாள். வாய் அசைந்தது. கேட்டது ஒரு சினிமாப் பாட்டு. அந்நாளைய வீடியோக்காரர்களின் சம்பிரதாயம் அது. வி.எச்.எஸ். நாடாவில் படம் சாய்கோடுகளாகவும், ஒலி விளிம்பை ஒட்டி நீளக் கோடாகவும் பதிகிறது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்து வேறொன்றைப் பதியலாம். பூசணம் செய்யாததைப் பாட்டு செய்திருந்தது.

சிதம்பரத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டு உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தில், கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ அரசன் ஒருவன் திறக்கவைக்கிறான். மரபு அவனை முதலாம் ராஜராஜன் (985–1014) என்கிறது. ஏடுகளின்மேல் புற்று. எண்ணெய் ஊற்றி எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கிறது. வருந்தும் அரசனுக்கு அசரீரி கேட்கிறது: இக்காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டோம் என்று. மூவரும் பாடிய பதிகங்கள் லட்சத்துக்கு மேல் என்கிறது புராணம். இன்று இருப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை; சம்பவத்துக்கு வெகுகாலம் பிந்திய கதை. ஆனால் அசரீரியின் வாதம் கவனிக்கத்தக்கது. இழப்புக்கு அது தேர்வு என்று பெயர் வைக்கிறது. எங்கள் வீடியோக்காரரும் வேண்டியது பாட்டு, வேண்டாதது பேச்சு என்றுதான் தீர்மானித்திருப்பார்.

நமக்கு அசரீரி இல்லை. 1976இல் ஜப்பானில் வந்த வி.எச்.எஸ்ஸுக்குக் கடைசிவரை கருவி செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும், காந்த நாடாக்களை மாற்ற 2025ஐக் கெடுவாகச் சொல்லி எச்சரித்தன. நாடா பிழைத்திருந்தாலும் ஓட்டக் கருவி இராது.

பலர் அசரீரியோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். புராணம் நிறுத்தவில்லை. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. திருஎருக்கத்தம்புலியூரில், அதாவது இன்றைய கடலூர் மாவட்டத்து ராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு அவளைக்கொண்டு பண் அமைத்தார்கள். நம்பியாண்டார் நம்பியைச் சொல்பவர்கள் அவளைச் சொல்வது அபூர்வம்.

மாற்றிய பிரதியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். ஆயா வாயசைக்கும் இடத்தில் அத்தை சொன்னாள்: "அம்மா ஒங்க தாத்தாவத் திட்டுதுடா, ஆசாரிக்கு வெத்தல பாக்கு வைக்கலேன்னு."

பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். அத்தை சொல்லச் சொல்லக் கைபேசியில் பதிந்துகொண்டேன். அது ஆயாவின் குரல் அல்ல. அத்தையின் ஞாபகத்தைச் சோதிக்கவும் வழியில்லை. பாணர் மரபுப் பெண்ணையும் யாரும் சோதித்திருக்க முடியாது.

நாடா மாற்றும் கடைகள் இன்னும் சில வருஷம் இருக்கலாம். அத்தைக்கு எழுபத்தெட்டு.